98ஆம் வருடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திருத்தம்

இன்று நவம்பர் 23. பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பேசுகிறவள்தானே நான். ஆற அமரப் படியுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள், 1998-99இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு தம்பி குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தான். துபாயில் வேலை. முறுக்கும் காபியும் முடிந்து பேச்சு எங்கெங்கோ போய், இந்த வருடம் மே மாதம் நடந்த சண்டையில் வந்து நின்றது. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7 அன்று நம் படை திருப்பி அடித்தது. 10ஆம் தேதி சண்டை நின்றது. அந்த நான்கு நாளும் துபாயில் பக்கத்து அறையில் பாகிஸ்தான்காரர்களோடு எப்படி இருந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கடைசியில் சொன்னான்:

"ரெண்டு பேர்கிட்டயும் அணுகுண்டு இருக்கு டீச்சர். அந்தப் பயத்துலதான் நாலே நாள்ல நின்னுச்சு. குண்டு இருக்கறதும் ஒரு வகைல நல்லதுதான். நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் சொன்னது உண்மை.

அந்த வருடம் மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் நாம் ஐந்து குண்டுகளை வெடித்துச் சோதித்தோம். மே 28, 30 தேதிகளில் பாகிஸ்தானும் சோதித்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அவங்களும் வெடிச்சுட்டாங்களே டீச்சர், இனிமே சண்டை வருமா?" என்று கேட்டான். நான் கரும்பலகையில் இரண்டு பேரை வரைந்து, இரண்டு பேர் கையிலும் ஒரு வெடியை வரைந்து, "ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா ரெண்டு பேருக்கும் பயம் வந்துடும். இனிமே சண்டையே வராது" என்றேன். பத்திரிகையில் படித்ததைத்தான் சொன்னேன். ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் அந்தச் சோதனையில் முன்நின்றார் என்ற பெருமை எனக்கும் இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது நாற்பது வயது. ஒரு தவறான விடையை 27 வருடமாக மனதில் வைத்திருக்கிறார்கள் என்றால், திருத்த வேண்டியது விடை சொன்னவள்தான். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில், "சண்டையே வராது" என்றேனே, அது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1999 மே மாதம் கார்கில். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தது மே 29. பாகிஸ்தானின் முதல் சோதனை நடந்து சரியாக ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. அந்தப் போரில் நம் வீரர்கள் 527 பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கையிலும் குண்டு இருந்தது.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கு. நம்மிடமும் குண்டு உண்டு, சீனாவிடமும் உண்டு. அங்கே கல்லாலும் கம்பாலும் அடித்துக்கொண்டு நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி. அதற்கு முன் 2019இல் புல்வாமா, பாலகோட். இந்த வருடம் பஹல்காம். எந்த இடத்திலும் அணுகுண்டு சண்டையைத் தடுத்துவிடவில்லை.

"பெரிய போராகாமல் தடுத்ததே டீச்சர்" என்று அந்தத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கார்கிலில் நம் விமானங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு உத்தரவிட்டிருந்தது. போர் பெரிதாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. ஆனால் அதே பயத்தை நம்பித்தானே எதிரியும் மலையேறி வந்து உட்கார்ந்தான்? "இவர்கள் ஓரளவுக்கு மேல் திருப்பி அடிக்க மாட்டார்கள்" என்ற தைரியத்தையும் அவனுக்கு அந்தக் குண்டுதான் கொடுத்தது. நம்மைக் காக்கும் பயம் அவனையும் காக்கிறது.

தம்பி இன்னும் இரண்டு வாதங்களை வைத்தான். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 1945க்குப் பிறகு 80 வருடமாக எந்தப் போரிலும் அணுகுண்டு போடப்படவில்லை, அமெரிக்காவும் ரஷ்யாவும் நேருக்கு நேர் மோதவில்லை. இரண்டு, உக்ரைன். சோவியத் யூனியன் உடைந்தபோது அதன் மண்ணில் இருந்த குண்டுகளை ரஷ்யாவுக்கு அனுப்பிவிடச் சம்மதித்து, பதிலுக்கு 1994இல் புடாபெஸ்ட் நகரில் ஒரு பாதுகாப்பு உறுதிமொழியை வாங்கிக்கொண்டது. உறுதிமொழி தந்த நாடுகளில் ஒன்றான ரஷ்யாவே 2014இல் கிரிமியாவை எடுத்துக்கொண்டது, 2022இல் படையெடுத்தது. "குண்டு கையில இருந்திருந்தா தொட்டிருப்பானா?" என்றான்.

உக்ரைன் விஷயத்தில் எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு நாட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், குண்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம் போலத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் அப்படியே நினைத்தால் என்ன ஆகும்? இன்று ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்கா, ரஷ்யா இருவரிடம். நம்மிடமும் பாகிஸ்தானிடமும் ஆளுக்கு 170, 180 அளவில் இருக்கும் என்கிறார்கள். ஒன்பது நாடு தொண்ணூறு ஆனால் உலகம் பத்திரமாகிவிடுமா?

அந்த முதல் வாதத்துக்குத்தான், அதாவது "80 வருடமாக ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்குத்தான், நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. இன்றைய தேதியில் இருக்கிறது.

1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. பெருமழை, ஆற்றில் வெள்ளம். பாலம் நிலைகுலைந்து இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இளையவர்களில் பலருக்கு இது தெரியாது. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனால் என் அப்பா அன்றைக்கு ஓடிப்போய் உடல்களைத் தூக்கிக் கரையில் போட்டவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். நாங்கள் திருச்சிக்கு ரயிலில் போகும்போது அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு தடவை நான் விடாமல் கேட்டபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"நேத்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பாலம் நல்லாத்தாம்மா இருந்துச்சு."

எத்தனையோ வருடம், எத்தனையோ ஆயிரம் ரயில்கள் அதன் மேல் போய் வந்தன. ஒவ்வொரு ரயில் போகும்போதும் "பார், பாலம் தாங்குகிறது" என்று சொல்லியிருக்கலாம். 22ஆம் தேதி வரை அது உண்மையாகவும் இருந்திருக்கும். தாங்கிய நாட்களை எண்ணுவதால் பாலத்தின் பலம் தெரிந்துவிடாது. எந்த மழை வந்தால் தாங்காது என்று பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு வருடத்தில் அணு ஆயுதப் போர் மூள நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், யாரும் அளந்து சொன்னதில்லை. அப்படியானால் ஒரு வருடம் ஒன்றும் நடக்காமல் தப்பிக்க 99 பங்கு வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 0.99ஐ 80 முறை பெருக்குங்கள். சுமார் 0.45 வரும். அதாவது 80 வருடம் முழுவதும் தப்பிக்க வாய்ப்பு பாதிக்கும் குறைவு. காசு சுண்டிப் பூ விழுவது மாதிரி. பூ விழுந்துவிட்டது என்பதற்காகக் காசின் மறுபக்கத்தில் தலை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இன்னும் 80 வருடம் சேர்த்து, 160 முறை பெருக்கினால் 0.2 வரும். ஐந்தில் ஒரு வாய்ப்பு. அந்த எண்பது வருடம்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் வாழப்போகிற காலம்.

அதிர்ஷ்டத்தால் தப்பித்தோம் என்று நான் சும்மா சொல்லவில்லை. 1983 செப்டம்பர் 26 அன்று, சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரிக்கு இரவுப் பணி. அமெரிக்கா ஏவுகணை ஏவிவிட்டதாகக் கணினி காட்டியது. ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து. விதிப்படி மேலிடத்துக்குத் தாக்குதல் என்று சொல்ல வேண்டும். அவர், "உண்மையாகவே போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை ஏன் அனுப்புவான்?" என்று யோசித்து, இயந்திரக் கோளாறு என்று தெரிவித்தார். பிறகு பார்த்தால், மேகத்தில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது. அன்றைக்கு அவர் இடத்தில் விதியை வரிக்கு வரி பின்பற்றும் வேறொருவர் உட்கார்ந்திருந்தால்?

அது அந்நிய நாடு, பழைய காலம் என்பீர்கள். 2022 மார்ச் 9 அன்று நம் நாட்டிலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் மியான் சன்னு என்ற ஊர்ப் பக்கம் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. பராமரிப்புப் பணியின்போது நேர்ந்த கோளாறு என்று நம் அரசு பகிரங்கமாக அறிவித்தது இரண்டு நாள் கழித்து. விசாரித்து, விமானப்படை அதிகாரிகள் மூன்று பேரைப் பணிநீக்கம் செய்தார்கள். அது நிம்மதியான நாளில் நடந்தது. அதே தவறு இந்த வருடம் மே 8 அன்று நடந்திருந்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் "கோளாறாக இருக்கும்" என்று நினைத்திருப்பாரா?

யோசிக்க நேரமும் இல்லை. அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்கு ஏவுகணை போக அரை மணி நேரம் ஆகும். நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் பத்து நிமிடம்கூட வேண்டாம். அமிர்தசரஸிலிருந்து லாகூர் சுமார் 50 கிலோமீட்டர். நாம் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகிற தூரம்கூட இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு குடும்பத்தில் ஒரு முடிவு எடுக்க முடிவதில்லை. கோடிக்கணக்கான உயிரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

பாலம் உடைந்த அன்றைக்குச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். மருத்துவர்கள் வந்தார்கள். என் அப்பா மாதிரி ஆட்கள் கயிறும் கட்டிலும் தூக்கிக்கொண்டு போனார்கள். அணுகுண்டு விழுந்தால் ஓடி வர யார் இருப்பார்கள்? ஹிரோஷிமாவில் அந்த ஊர் மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பெரும்பாலோர் அன்றே இறந்தோ காயப்பட்டோ போனார்கள். ஒரே குண்டு. இன்றைய கணக்கில் சிறியது. அந்த வருட முடிவுக்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். நம் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்து அறுபத்தைந்தாயிரம். குன்னத்திலிருந்து வேப்பந்தட்டை வரை வீடு வீடாகப் போய் நான்கு பேருக்கு ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனை பேர்.

அரியலூர் விபத்தைச் சொன்னால் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் இன்ஜின் ஓட்டவில்லை, பாலம் கட்டவில்லை. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று பதவி விலகினார். நேரு அதை ஏற்றுக்கொண்டார். பொது அறிவுப் போட்டிக்கு இதை எத்தனை பேருக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்!

நான் அப்போது சொல்லித்தராத மிச்சக் கதை இது. எட்டு வருடம் கழித்து அதே சாஸ்திரி பிரதமர். 1964 அக்டோபர் 16 அன்று சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. சீனாவிடம் 1962இல் பட்ட அடி ஆறவில்லை. விஞ்ஞானி ஹோமி பாபா வானொலியில் பேசும்போது, ஒரு குண்டு வெடிக்கப் பதினேழரை லட்ச ரூபாய்தான் ஆகும் என்ற கணக்கைச் சொன்னார். சொந்தக் கட்சிக்குள்ளேயே "நாமும் செய்வோம்" என்று குரல் எழுந்தது. சாஸ்திரி குண்டு வேண்டாம் என்று நின்றார். பிறகு, அமைதிப் பயன்பாட்டுக்கான நிலத்தடி வெடிப்பைப் பற்றி ஆராய மட்டும் அனுமதி கொடுத்தார். அந்த வழியில்தான் 1974 மே 18 அன்று முதல் பொக்ரான் சோதனை வந்தது. ஆகவே அவரை நான் தேவதையாக்கவில்லை. ஆனால் ஒரு பாலம் உடைந்ததற்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று நினைத்த மனிதர், யாருமே பதில் சொல்ல முடியாத ஓர் ஆயுதத்தின் முன் தயங்கி நின்றதில் எனக்கு வியப்பில்லை. பாலம் உடைந்தால் அமைச்சர் விலகலாம். அணுப்போர் மூண்டுவிட்டால் யார் விலகுவது, யாரிடம் கடிதம் கொடுப்பது?

நம் தமிழ்நாட்டிலும் இதை அப்போதே யோசித்தவர் உண்டு. ராஜாஜி 1962இல், 83 வயதில், அணுச் சோதனையை நிறுத்தச் சொல்லி அமெரிக்கா வரை போய் ஜனாதிபதி கென்னடியைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அவர் கட்சிக்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் பெரியவருக்கு வணக்கம்.

"அப்படின்னா நம்ம குண்டையெல்லாம் கடல்ல கொட்டிடலாமா டீச்சர்?" என்று சிரித்தான் தம்பி. நான் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இருப்பவர்கள் வைத்திருக்கும்போது நாளைக் காலையே நாம் மட்டும் கைவிட முடியாது. உக்ரைனைப் பார்த்த பிறகு எந்த அரசும் செய்யாது. ஆனால் கைவிட முடியவில்லை என்பது வேறு, இருப்பதால் பத்திரம் என்று நிம்மதியாகத் தூங்குவது வேறு. பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் அது வெளியே போகும்வரை விளக்கை அணைக்க மாட்டோம் இல்லையா, அப்படி இருக்க வேண்டும்.

செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. பாதி ஏற்கெனவே நடக்கிறது. நாங்கள் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003இல் இந்தியா கொள்கையாகவே அறிவித்தது. கோபம் வரும்போதெல்லாம் அதை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றக் கூடாது. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988இல் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும், எவ்வளவு பகை இருந்தாலும், இரண்டு நாடும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. தொலைக்காட்சி விவாதங்களில் இதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் ஒப்பந்தம் 2005இல் வந்தது. பிரம்மோஸ் போன்ற குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. 2022க்குப் பிறகாவது சேர்த்திருக்க வேண்டும். உலக அளவிலும் குறைக்க முடியாதது இல்லை. 1980களின் நடுவில் சுமார் 70,000 குண்டுகள் இருந்தன. பேசிப் பேசித்தான் இன்றைய 12,000க்கு வந்தது. பேச்சு நின்றால் மறுபடி ஏறும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது இது. நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மே மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும், "ஒரே ஒரு குண்டு, கதை முடிஞ்சது" என்று கைதட்டும் படத்தோடு வந்த செய்திகளைப் பார்த்தேன். அனுப்பியவர்கள் நல்ல பிள்ளைகள். எறும்பை மிதிக்க யோசிப்பவர்கள். பஹல்காமின் கோபம் எனக்கும் இருந்தது. அப்பாவிகளைக் கொன்றவனைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு குண்டுக்குப் பதில் குண்டு உண்டு என்பதும், லாகூரில் நான்கு பேருக்கு ஒருவர் என்று எண்ணத் தொடங்கினால் அதில் பால்வாடிக் குழந்தைகளும் வரும் என்பதும் தெரிந்தால் அனுப்பியிருக்க மாட்டீர்கள். தெரியாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. கை தட்டச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ஆகவே 1998-99 எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, நோட்டில் இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு பேரிடமும் அணுகுண்டு இருந்தால் சண்டை வராதா?

விடை: வரும், வந்திருக்கிறது. பெரிய போர் தள்ளிப்போகலாம். ஆனால் ஒரே ஒரு முறை தவறினால் திருத்த ஆள் இருக்காது. ஆகவே குண்டு இருக்கும் உலகம் பத்திரமான உலகம் இல்லை. இதுவரை தப்பித்த உலகம்.

அந்தத் தம்பி போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "யோசிக்கிறேன் டீச்சர். ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன்" என்றான். சந்தோஷமாக இருந்தது. 98இல் அந்த வகுப்பில் ஒருவராவது இப்படிச் சொல்லியிருக்கலாம். உங்களில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

இன்று மாலை பேரனை அழைத்துக்கொண்டு மருதையாற்றுப் பக்கம் போகிறேன். அவன் தாத்தாவின் அப்பா உடல் சுமந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். தப்பு, அது என் அப்பா. பாட்டியின் அப்பா. வயதாகிறது, உறவுமுறைகூடக் குழம்புகிறது. தவறினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறவரை கவலையில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்